மலை தெரியும் சுவர்

விடிகிறது. இதை விடிவது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எதிர்ச்சுவரில் பொருத்தியிருக்கும் பெரிய சட்டத்துக்குள் முதலில் மலையின் விளிம்பு மட்டும் சாம்பலாகத் தெரிகிறது, பிறகு மலைக்குப் பின்னால் யாரோ அடுப்பைப் பற்றவைத்தது போல ஒரு சிவப்பு, பிறகு மஞ்சள், பிறகு என் காலடியில் சுருண்டு கிடக்கும் போர்வை நீலம் என்று தெரிகிறது. கூரையில் பதித்த விளக்குகளும் கூடவே வெளுக்கின்றன. சகாயராணி, நீ இன்னும் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாயால் இல்லை. கழுத்தில் துளை போட்டுக் குழாய் சொருகியிருக்கிறார்கள், மூச்சு அந்த வழியாகவே போய் வந்துவிடுகிறது, தொண்டையைத் தொடாத மூச்சில் குரல் ஏது. நேற்று பெரிய டாக்டர் குனிந்து என் முகத்துக்கு நேராகச் சொன்னார், "நாளைக்குச் சாயங்காலம் குழாய் வாயில ஒரு சின்ன மூடி போட்டுப் பாப்போம்மா. ரெண்டு மூணு வார்த்தை பேசலாம். உங்க ஆளுங்க பாக்க வர்ற நேரத்துலயே போடுவோம், சந்தோஷமா இருக்கும்." அவர் சொன்ன நாளைக்கு இதோ மலைக்குப் பின்னாலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. சந்தோஷமா இருக்கும் என்றார். பேச்சு வந்தால் நான் கேட்டாக வேண்டும். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததற்குக் குழாய் ஒரு சாக்காக இருந்தது, உதட்டை அசைத்தேன் அவர்களுக்குப் புரியவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன், புரிந்துவிடக் கூடாது என்பதற்காக உதட்டைப் பாதியிலேயே நிறுத்தியதும் எனக்குத் தெரியும். இன்று நிறுத்த முடியாது. இன்னாசி எங்கே என்று கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் எங்கே. அந்த வண்டியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு வந்தவர் எங்கே.

மேல் மாடியில் இருக்கிறார். அப்படித்தான் சொல்கிறார்கள். மேல் மாடியில் ஆண்கள் பகுதியில், கால் எலும்பு உடைந்து மாவுக்கட்டு போட்டு, நன்றாக இருக்கிறார். கௌசி சிஸ்டர் சொல்கிறாள், அவர் அக்கா லூர்து மதினி சொல்கிறாள், டாக்டர் மட்டும் அதைச் சொல்வதில்லை, என் நெஞ்சு எலும்பைப் பற்றியும் நுரையீரலைப் பற்றியும் மட்டும் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். நன்றாக இருக்கிறவரைப் பற்றி டாக்டர் ஏன் பேச வேண்டும், அதுவும் சரிதான். கால் உடைந்தவர் எப்படி இறங்கி வருவார், அதுவும் சரிதான். சக்கர நாற்காலி ஒன்றா இல்லை இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், அது சரியில்லை. இங்கே வந்து மாட்டுகிறது. ஒவ்வொரு நாளும் நினைப்பு சுற்றிச் சுற்றி வந்து இதே இடத்தில் மாட்டுகிறது, துணி ஆணியில் மாட்டுவது போல, இழுத்தால் கிழியும் என்று தெரிந்து நானும் இழுக்காமல் விட்டுவிடுகிறேன். மழை பெய்துகொண்டிருந்தது. குட்டி யானை வண்டி நிறையச் சின்ன வெங்காய மூட்டை, மேலே தார்ப்பாய், திண்டுக்கல் கமிஷன் கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். ரோட்டோரப் புளியமரங்கள் காற்றில் பேயாட்டம் ஆடின. "ராணி, கண்ணாடிய ஏத்திவிடு, சாரல் ஒம்மேல அடிக்குது பாரு" என்றார். நான் கண்ணாடியைச் சுற்றி ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதி ஏறியிருக்கும். மேலே ஒரு சத்தம், இடி என்று நினைத்தேன், இடி இல்லை, மரம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவர் கத்தினாரா? என்னைப் பிடித்தாரா? கண்ணாடி மீதிப் பாதி ஏறியதா? எத்தனை தடவை போனாலும் சாரல் அடிக்குது பாரு என்பது வரைக்கும்தான் போக முடிகிறது, அதைத் தாண்டினால் வெள்ளை.

அந்த வெள்ளை முடிந்து கண் திறந்தபோது நான் கிடந்தது இந்த அறை இல்லை. பழைய ஐசியூ. அங்கே ஜன்னல் கிடையாது, பொய் ஜன்னலும் கிடையாது. எப்போது கண் திறந்தாலும் அதே டியூப்லைட், அதே இரைச்சல், அதே குளிர், காலையா ராத்திரியா, நேற்றா இன்றா ஒன்றும் பிடிபடாது. கூரையில் இருந்த துளைகளிலிருந்து கட்டெறும்பு வரிசையாக இறங்கி வந்தது. நிஜமாகப் பார்த்தேன். பச்சை உடுப்புப் போட்டவர்கள் என்னைச் சாக்கில் போட்டுக் கோணியூசியால் தைக்கிறார்கள், வெங்காயத்தோடு வெங்காயமாக எடை போடப் போகிறார்கள் என்று கையை உதறி மூக்கில் இருந்த குழாயைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு கையைத் துணியால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். அந்த நாட்களில் லூர்து மதினி வந்து நின்றதும் நினைவிருக்கிறது, மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண், "இன்னாசி தூங்குறான் ராணி, நல்லாத் தூங்குறான்" என்றாள், நானும் நம்பினேன், எல்லா நேரமும் ராத்திரியாக இருக்கும் ஊரில் எல்லோரும் தூங்கத்தானே செய்வார்கள். பிறகு புதிதாகக் கட்டிய இந்தப் பகுதிக்கு மாற்றினார்கள். "இது நெஜ ஜன்னல் இல்லக்கா" என்று கௌசி சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டாள். "உள்ள லைட்டுதான். வெளிய சூரியன் ஏறி இறங்குறாப்புல இதுவும் ஏறி இறங்கும். வெளிச்சத்தையே பாக்காமக் கெடந்தா மூளைக்குப் பகலு ராத்திரி தெரியாமப் போயிரும்க்கா, அதான் உங்களுக்கு எறும்பெல்லாம் தெரிஞ்சுச்சு. இங்க இருந்தீங்கன்னா தெளிஞ்சிரும்." தெளிந்துவிட்டது. இரண்டு மூன்று தூக்கம் தூங்கி எழுந்தபோது எறும்பு இல்லை, சாக்கு இல்லை, கையைக் கட்டியிருந்த துணியையும் அவிழ்த்துவிட்டார்கள். மலை இருட்டினால் எனக்கும் கண் செருகுகிறது, மலை வெளுத்தால் விழிப்பு வருகிறது. அப்படித் தெளிந்திருந்த ஒரு நாள் மதினி வந்தாள். மலை உச்சியில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மேல்பக்கம் விரலைக் காட்டி, அவர் என்ன செய்கிறார் என்று கேட்டேன். "தூங்குறான்டி" என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக எனக்குச் சந்தேகம் வந்தது. இன்னாசி பகலில் தூங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கறிச்சோறு சாப்பிட்ட பிறகும் தூங்க மாட்டார், காய்ச்சல் அடித்தபோதும் தூங்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்து சாக்குத் தைப்பார். இந்த நேரத்திலா? மதினி என் கண் போன திசையைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். வெயிலைப் பார்த்தாள். "மாத்திரை அப்படி" என்றாள், தாமதமாக.

தெளியாமல் இருந்திருந்தால் தேவலை என்று அன்று நினைத்தேன். எறும்பு போனதும் அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. இது எறும்பு மாதிரி இல்லை, இது கணக்காக யோசிக்கிறது. போனில் ஒரு தடவை அவர் முகத்தைக் காட்டச் சொல்லிக் கையால் சைகை செய்தேன், "உள்ள போன் விடமாட்டாங்கடி" என்றாள், பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு அவர் மகன் போனைக் காட்டிப் பேத்தியோடு பேச வைத்துக்கொண்டிருந்தான். என் தாலிச் செயினைக் கேட்டேன், ஆபரேஷனுக்குக் கழற்றி அவளிடம் கொடுத்திருந்தார்கள், "பத்திரமா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். ஐசியூவில் நகை போடக் கூடாது, தெரியும். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் ஏன் என் கழுத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்? ஒருவேளை கழுத்தில் குழாயைப் பார்க்கப் பயமாக இருந்திருக்கும். ஒருவேளை. ஒருவேளை ஒருவேளை என்று நான் முட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது என்று தள்ளத் தள்ள அது முன்னால் வந்து நிற்கிறது. சொல்ல வருகிறவள் லூர்து மதினி. வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனோ என்னவோ. கல்யாணமாகிப் பல வருஷம் எனக்குப் பிள்ளை நிற்காதபோது தம்பிக்கு வத்தலக்குண்டில் பெண் பார்த்தவள் இவள்தான். என்னிடம் சொல்லாமல் பார்த்தாள். நான் அடுப்படியில் நிற்கிறேன் என்று தெரிந்தும் முன்னறையில் உட்கார்ந்து, "அவளைத் தள்ளிவைக்கச் சொல்லல இன்னாசி, அவளும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போறா" என்றாள். ஒரு ஓரமாக. அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "எனக்குப் பொண்டாட்டி உள்ள சமைச்சுக்கிட்டு இருக்கா, நீ சாப்டுட்டுப் போக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதற்குப் பிறகு நாங்கள் அவள் வீட்டுக்குப் போகவில்லை, பெரிய வெள்ளிக்குக் கோயிலில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். அவள் புருஷன் இறந்தபோது போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அந்த லூர்து மதினி இப்போது தினமும் தவறாமல் வருகிறாள். என் உதட்டில் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லி சிஸ்டரிடம் கெஞ்சுகிறாள். எதற்கு? தம்பி மேலே இருந்தால் அவள் அங்கே அல்லவா உட்கார்ந்திருப்பாள்? என்னிடம் ஏன் இத்தனை நேரம் நிற்கிறாள்? இந்தக் கேள்வி எனக்கு முன்பே வந்திருக்கிறது. வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு மாதா மன்றாட்டு மாலை சொல்ல ஆரம்பித்துவிடுவேன், பாதியில் வரி மறந்துபோகும், மறந்த வரியைத் தேடுவதில் கொஞ்ச நேரம் போகும்.

சளி எடுக்க வருகிறாள் கௌசி சிஸ்டர். குழாய்க்குள் குழாய் விட்டு உறிஞ்சும்போது நெஞ்சுக் கூட்டையே பிடுங்கி வெளியே எடுப்பது போல இருக்கும், கண்ணில் தண்ணீர் தானாகக் கொட்டும், கட்டிலின் கம்பியை இடது கையால் பிடித்துக்கொள்கிறேன், இதோ முடிஞ்சுச்சு முடிஞ்சுச்சு முடிஞ்சுச்சுக்கா என்கிறாள், முடியவில்லை, இதோ இப்போது முடிந்தது. சுவரில் காற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. இதுதான் எனக்குப் பிடிக்காத நேரம். மதியத்துக்கு முன்னால் அந்த மலையடிவாரத்தில் இருக்கும் பெரிய மரம் ஆடத் தொடங்கும். சத்தமே இல்லாமல் ஆடும். கிளை சாய்ந்து வரும், இந்தா விழப்போகிறது என்று இருக்கும், விழாமல் நிமிர்ந்துகொள்ளும், திரும்பவும் சாயும். படம்தானே. படமென்று எனக்குத் தெரியாதா. ஆனால் கிளை சாயும்போது தோள் தானாக ஒடுங்குகிறது, விலா எலும்பு சேராத இடத்தில் ஊசி குத்துகிறது, மிஷின் கீச் கீச் என்று கத்துகிறது. இன்றும் கத்துகிறது. "என்னக்கா, எங்க வலிக்குது?" என்கிறாள் சிஸ்டர், நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறாள், வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறாள். நான் சுவரைக் காட்டுகிறேன். "வெளிச்சம் கூசுதா?" இல்லை. "கம்மியா இருக்கா?" இல்லை. கையைச் செங்குத்தாக நிறுத்தி, மெல்லச் சாய்த்து, என் நெஞ்சின்மேல் விழவைத்துக் காட்டுகிறேன். அவள் முகம் மாறுகிறது. என் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்குமே, மரம் விழுந்தது என்று. "ஐயோ" என்று சொல்லிக்கொண்டே ரிமோட்டைத் தேடி எடுக்கிறாள். "இத்தனை நாளா மரத்தப் பாத்துக்கிட்டா கெடந்தீங்க? எங்களுக்குத் தோணவே இல்ல பாருங்க. வேற படம் இருக்குக்கா, அருவி இருக்கு, கடல் இருக்கு, தேயிலைத் தோட்டம் இருக்கு." மலை மறைந்து அருவி வருகிறது, அருவி போய்ப் பச்சைப் பச்சையாகத் தேயிலை வருகிறது, பிறகு கடல். கையைத் தூக்கி நிறுத்தச் சொல்கிறேன். அந்த இளம்பெண்ணின் முகத்தைப் பார்க்கிறேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஐயோ என்று பதறுகிறவள், என் முகத்தைப் பார்த்து அந்தப் பெரிய பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பாளா? சொல்வாள். சொல்லச் சொல்லியிருப்பார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையைச் சரிசெய்கிறாள், ஏற்கெனவே சரியாக இருக்கும் போர்வையை.

கடல். வேளாங்கண்ணியில் பார்த்தது. கடலை நான் பார்த்தது அது ஒரு தடவைதான். பிள்ளை வரம் கேட்டுக் காவிச் சேலை கட்டி நடந்து போனோம், ஊரிலிருந்து ஒரு கூட்டமாகப் போனோம், எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு முன்னால் போக நானும் அவரும் எப்போதும் கடைசி. என் உள்ளங்கால் கொப்புளித்து உடைந்து நடக்க முடியாமல் போனது. ஒரு வாய்க்கால் மதகில் என்னை உட்காரவைத்துக் காலைத் தன் மடியில் தூக்கிப் போட்டு, துண்டைக் கிழித்துச் சுற்றினார். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது, காலை இழுக்கிறேன், அவர் விடவில்லை. "மாதாகிட்ட நீ என்ன கேக்கப் போற?" என்றார். தெரியாத மாதிரிக் கேட்கிறாரே என்று கோபம் வந்தது எனக்கு. "புள்ளதான், வேற என்ன?" என்றேன். "நீ அதக் கேளு. ரெண்டு பேரும் ஒண்ணையே கேட்டா வீணாப் போயிரும். நான் வேற கேக்குறேன்." என்ன கேட்டார் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை. கடைசி வரைக்கும். பார், நானே சொல்லிவிட்டேன். என் நினைப்பே என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. இல்லை, இன்னும் சொல்லவில்லை என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். அவர் மேல் மாடியில் இருக்கிறார். மாவுக்கட்டுக்குள் கால் அரிக்கும், சைக்கிள் கம்பியோ ஈர்க்குச்சியோ கேட்டுத் தொந்தரவு செய்துகொண்டிருப்பார். அங்கேயும் சுவரில் இது மாதிரி வைத்திருப்பார்களா? வார்டில் நிஜ ஜன்னலே இருக்கும். நிஜ ஜன்னலில் காக்கா வந்து உட்காரும். இப்படியே இருந்துவிடலாம். கேட்காமல் இருந்தால் இப்படியே இருந்துவிடலாம். சுவரில் இருப்பது கடல் இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அது எனக்குத் தூக்கம் தருகிறது, கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்திருக்கிறது, பைத்தியமாகிவிடாமல் என்னைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அதே மாதிரி மேல் மாடியில் ஒரு இன்னாசியும் இருந்துவிட்டுப் போகட்டுமே, காலையில் எழுந்து ராத்திரி தூங்கிக்கொண்டு. ஆனால் ஜன்னல் பொய் என்று அந்தப் பெண் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுக் காட்டினாள். இது பொய் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத பொய்க்குள் எப்படிக் குடியிருப்பது, சுவர் எந்தப் பக்கம் என்றே தெரியாமல்?

மதியம் கொஞ்சம் தூங்கியிருக்கிறேன். விழித்தபோது கடல்மேல் வெயில் சாய்ந்துவிட்டது, தண்ணீரின் நிறம் பித்தளையாகிவிட்டது. பார்க்க வருகிற நேரம் நெருங்கிவிட்டது. கை வேர்க்கிறது, ஏசியில் கை வேர்க்குமா, வேர்க்கிறது. கேட்கலாம். கேட்க வேண்டாம். எப்படிக் கேட்பது? அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டால் நல்லாருக்கான் என்பாள், முடிந்தது. எங்கே இருக்கிறார் என்றால் மேல என்பாள். என் மூச்சில் இரண்டு மூன்று வார்த்தைதான் வரும் என்றார் டாக்டர், அந்த இரண்டு மூன்றையும் அவள் பொய்யால் வாங்கி வைத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் தப்பித்துப் போக முடியாத கேள்வி வேண்டும். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு ஆட்கள் நிற்கிறார்கள். குட்டையாக, இடது தோளைத் தூக்கியபடி நிற்பது மதினி. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொள்கிறாள், இரண்டும் ஒரே கால் செருப்பு, மாற்றுகிறாள், கதவைத் தள்ளுகிறாள். டாக்டரும் கூடவே வருகிறார். "என்ன ராணியம்மா, ரெடியா?" குழாயில் ஏதோ செய்கிறார்கள், காற்றைப் பிடுங்கி விடுகிறார்கள், எச்சில் உள்ளே இறங்கி இருமல் வருகிறது, இருமி இருமி ஓய்கிறேன், பிறகு கழுத்தில் ஒரு சின்ன அழுத்தம். மூச்சை உள்ளே இழுக்கிறேன். வெளியே விடும்போது அது கழுத்தோடு நின்றுவிடாமல் மேலே ஏறி வருகிறது, தொண்டைக்கு வருகிறது, நாக்குக்கு வருகிறது, எத்தனையோ நாள் கழித்து என் வாய்க்குள் என் மூச்சின் சூடு. "ஆ சொல்லுங்க." ஆ என்கிறேன். யாரோ கிழவனின் குரல் மாதிரி இருக்கிறது. கௌசி சிஸ்டர் கை தட்டுகிறாள். மதினியின் கண்கள் மாஸ்க்குக்கு மேலே சிரிக்கின்றன, சிரித்துக்கொண்டே நிறைகின்றன. "பேசுறாளே! பேசுறா பாருங்க டாக்டர்!" என்கிறாள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் என் இடது கையை வைத்தேன். மூச்சை இழுத்தேன்.

"எப்ப?"

அவ்வளவுதான் கேட்டேன். டாக்டர் மதினியைப் பார்த்தார். மதினி என்னைப் பார்த்தாள். என்ன எப்ப, எதக் கேக்குற என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த நொடி முழுக்க அவள் அப்படிக் கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் கேட்கவில்லை. என் கைக்குக் கீழிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். காதுக்குப் பின்னாலிருந்து மாஸ்க்கை அவிழ்த்தாள், கூடாது என்று சிஸ்டர் சொல்ல வந்து சொல்லாமல் நின்றுவிட்டாள். அப்போதுதான் அவள் முழு முகத்தையும் பார்த்தேன். கன்னம் உள்ளே போயிருந்தது, மூக்கோரம் தோலுரிந்து சிவந்து கிடந்தது. "ஞாயித்துக்கெழம விடியல்ல" என்றாள். "நீ அந்தப் பழைய ரூம்ல கையக் கட்டிப்போட்டுக் கெடந்த அன்னைக்கு." டாக்டர் ஏதோ சொன்னார், மனசைத் தளரவிடக் கூடாது என்றோ தாங்கும் நிலையில் இல்லாததால் சொல்ல வேண்டாமென்றோம் என்றோ, அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நாள் முழுக்க என் மேல் சாய்ந்துகொண்டே இருந்தது விழுந்துவிட்டது, விழுந்த பிறகும் நான் இருக்கிறேன், அதுதான் ஆச்சரியமாக இருந்தது. மதினி விடாமல் பேசிக்கொண்டே போனாள், நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்பது போல. "அவனுக்கு நடுவுல நெனவு வந்துச்சுடி. ராணி எங்கன்னான். நல்லாருக்கா, ஒரு சிராய்ப்பு இல்ல, வெளிய உக்காந்துருக்கான்னு சொன்னேன். நீ மிஷின்ல கெடந்த, பொழைப்பியான்னே அவங்க சொல்லல. நான் அவன்கிட்ட அப்படிச் சொன்னேன். சரின்னான். அவன்கிட்டயும் பொய், ஒங்கிட்டயும் பொய். இந்த மாடிக்கும் அந்த மாடிக்கும் பொய்யச் சொமந்துக்கிட்டு ஏறி ஏறி எறங்குனேன்டி நான்."

மூச்சு போதவில்லை, இருந்தாலும் இழுத்தேன். "அடக்கம்..." என்றேன். கல்லறையில் எந்த இடம், யார் பக்கத்தில், என்ன உடுத்திவிட்டார்கள், இதெல்லாம் நான் இல்லாமல் முடிந்துபோன காரியம் என்று நினைத்தேன். மதினி தலையை ஆட்டினாள். "பண்ணல" என்றாள். "பண்ணவிடல நான். சித்தப்பா மக்க எல்லாம் கத்துனாங்க, சாமியாரும் வந்து சொன்னாரு, பொணத்த வச்சுக்கிட்டு எத்தன நாளும்மா, அந்தப் பொண்ணு எப்ப எந்திரிக்கும்னு யாருக்குத் தெரியும்னு. குழி வெட்டவே ஆரம்பிச்சுட்டாங்க. போயிக் கடப்பாறையப் பிடுங்கி வீசிட்டு அந்த மண்ணுலயே உக்காந்துட்டேன். வெளிநாட்டுல இருந்து மகன் வரணும்னா வச்சிருக்க மாட்டீங்களா, இவ ரெண்டு மாடி தள்ளிக் கெடக்குறா, இவளுக்காக வச்சிருக்க மாட்டீங்களா, அவ பொண்டாட்டிடா, அவ பாக்காம ஒரு புடி மண்ணு விழக் கூடாதுன்னேன். இங்கதான் இருக்கான், பின்பக்கம், மார்ச்சுவரியில. பெட்டியில வச்சிருக்காங்க. நீ எந்திரிச்சு வந்து பாத்தப்புறந்தான் எல்லாம்." அவள் சொல்லி முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு ஓரமாக இருந்துட்டுப் போறா என்று சொன்ன அதே வாய். நான் அவளையே பார்த்தேன். எத்தனையோ வருஷமாக அவளிடம் சொல்வதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"போதும், இன்னைக்கு எடுத்துரலாம், மூச்சு வாங்குது" என்று டாக்டர் சிஸ்டரிடம் சொல்வது கேட்டது. மூடியை எடுத்துவிட்டால் குரல் போய்விடும். விரலை உயர்த்தினேன், ஒன்றே ஒன்று என்று. கேட்க எவ்வளவோ இருந்தது, வலித்ததா, கண் மூடியிருந்ததா, வேறு ஏதாவது சொன்னாரா. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அவருக்கு... குளிர் ஆகாதே மதினி."

மதினியின் முகம் அப்படியே உடைந்தது. "தெரியும்டி" என்றாள். "எனக்குத் தெரியாதா? சின்னப் புள்ளையில இருந்தே மார்கழின்னா எங்கூடத்தான் ஒட்டிக்கிட்டுப் படுப்பான். போர்வ கொண்டு போனேன். போத்திவிடுங்கன்னேன். அங்க இருக்குறவன் சிரிச்சான், ஐஸ் பெட்டியில போர்வையாம்மான்னு. நீ சிரிச்சாலும் சரி, போத்திவிடுன்னு அந்த எடத்துலயே நின்னேன். போத்திட்டான்." அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது. சத்தம் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை, அதற்குள் சிஸ்டர் மூடியை எடுத்திருந்தாள், விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது, வலிக்கட்டும் என்று அழுதேன். மதினி என்னைத் தொட எங்கே தொடுவது என்று தெரியாமல், எங்கும் குழாய், எங்கும் கட்டு, கடைசியில் என் நெற்றியில் கையை வைத்து வைத்தபடியே நின்றாள். டாக்டர் மெதுவாகச் சொன்னார், நாளைக்கோ மறுநாளோ சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, ஆக்சிஜன் சிலிண்டரோடு, தானே கூட வந்து கூட்டிப்போவதாக. நாளைக்கு என்று உதட்டை அசைத்தேன், இந்தத் தடவை பாதியில் நிறுத்தாமல் முழுசாக அசைத்தேன். "நாளைக்கு" என்று அவரும் திருப்பிச் சொன்னார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மதினி போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள், என் கைக்குப் பக்கத்தில் மெத்தையின் ஓரத்தில் நெற்றியைச் சாய்த்தாள், சும்மா ஒரு நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே சாய்த்தாள், அப்படியே தூங்கிப்போனாள். எத்தனை நாள் தூக்கமோ, வாய் லேசாகத் திறந்து, குறட்டைகூட வந்தது. தலையில் எண்ணெய் இல்லை, வகிட்டில் நரை வெளேரென்று இருந்தது. அவள் தலைமேல் என் இடது கையை வைத்தேன். சூடாக இருந்தது. கௌசி சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, கடிகாரத்தைக் காட்டி, அவளை எழுப்புவதற்குக் குனிந்தாள். நான் கையை எடுத்து, விரலை உதட்டின்மேல் வைத்தேன்.